யார் வீட்டுப் பிள்ளை?

சேத்தியாத்தோப்புக் குறுக்கு ரோட்டில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்த அனுபவம் உள்ளவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். அந்த இடத்தில் நின்றுகொண்டு ஒரு மனிதன் தன் வாழ்க்கையை எந்தத் திசைக்கு வேண்டுமானாலும் அனுப்பிவிடலாம். வடக்கே போனால் வடலூர், பண்ணுருட்டி வழியாகச் சென்னைப் பட்டணம். தெற்கே போனால் காட்டுமன்னார்கோவிலையும் அணைக்கரையையும் கடந்து கும்பகோணம். மேற்கே விருத்தாசலம். கிழக்கே புவனகிரி வழியாகச் சிதம்பரம். பஸ் வருகிற வரையில் எல்லாத் திசைகளும் ஒன்றுதான்; ஏறி உட்கார்ந்த பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

ஓர் ஆனி மாதத்துக் காலையில் நாம் அங்கே நின்றோம். நமக்குப் பக்கத்தில் ஒரு தகப்பனும் மகனும் நின்றார்கள். தகப்பனுக்கு நாற்பது வயதிருக்கலாம். வெயிலில் வேலை செய்த உடம்பு, பத்து வயது கூட்டிக் காட்டியது. பையனுக்குப் பதினாறு வயதுக்கு மேல் இராது. அவனுடைய காலடியில் ஒரு தகரப் பெட்டி. புதுப் பெட்டி அல்ல. ஆனால் புதிதாகக் கழுவித் துடைத்த பெட்டி.

"தம்பி எந்த ஊருக்கு?" என்று கேட்டோம். பஸ் நிறுத்தத்தில் சாதாரணமாகக் கேட்கிற கேள்விதான். ஆனால் தகப்பனார் மகனைப் பார்த்தார். மகன் பெட்டியைப் பார்த்தான். இருவரும் பதில் சொல்லவில்லை.

சற்றுப் பொறுத்துத் தகப்பனார் சொன்னார்: "அதான் சார் தெரியல. மெட்ராஸ் பஸ் முன்னாடி வந்தா மெட்ராஸு. சிதம்பரம் பஸ் வந்தா சிதம்பரம்."

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று எண்ணிச் சிரிக்கப் போனோம். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். பையன் பத்தாவது வகுப்பில் நல்ல மார்க்குடன் தேறியிருந்தான். சிதம்பரத்தில் பதினோராம் வகுப்பில் இடமும், சர்க்கார் விடுதியில் சாப்பாட்டுடன் தங்க வசதியும் கிடைப்பதாக இருந்தது. மற்றொரு பக்கம், சென்னையில் கட்டட வேலை செய்யும் மாமன், மேஸ்திரியிடம் சொல்லிவைத்து ஐயாயிரம் ரூபாய் முன்பணமும் வாங்கி அனுப்பிவிட்டார். அந்த ஐயாயிரமும் ஏற்கெனவே செலவாகிவிட்டது. வீட்டில் கைக்குழந்தைக்கு வைத்தியம் பார்த்தார்களாம். இனி முன்பணத்தைத் திருப்பவேண்டும், அல்லது பையனை அனுப்பவேண்டும். பெட்டி இரண்டு ஊருக்கும் பொது.

தண்ணீர் போகும் வழி

சென்னையில் வாழும் நேயர்களுக்குச் சேத்தியாத்தோப்பு தூரத்து ஊர் என்று தோன்றலாம். அப்படி அல்ல. பத்தாம் நூற்றாண்டில் சோழர்கள் வெட்டிய வீரநாராயணன் ஏரி, மக்கள் வாயில் வீராணம் ஆகிவிட்ட அந்தப் பெரிய ஏரி, இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கொள்ளிடத்தில் கீழணையிலிருந்து வடவாறு வழியாக அதற்குக் காவேரித் தண்ணீர் வருகிறது. 2004-ஆம் வருஷத்திலிருந்து அந்த ஏரியின் தண்ணீர், சேத்தியாத்தோப்பைக் கடந்து, இருநூறு கிலோ மீட்டருக்கு மேல் குழாயில் பிரயாணம் செய்து சென்னைக்குப் போகிறது. நாள் ஒன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுபோவதென்று வகுத்த திட்டம் அது.

ஆக, மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ ஒருவர் காலையில் காப்பிக்கு வெந்நீர் வைக்கும்போது, அதில் ஒரு பங்கு இந்தப் பக்கத்து வயல்களை ஒட்டி வந்த தண்ணீராக இருக்கக்கூடும். தண்ணீர் போகிற அதே திசையில்தான் இந்த ஊர்ப் பையன்களும் போகிறார்கள். தண்ணீர் குழாயில் போகிறது. பையன்கள் பஸ்ஸில் போகிறார்கள். பட்டணத்துக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. பட்டணத்திலிருந்து இங்கே திரும்பி வருவது என்ன என்று கேட்டுப் பார்ப்பது நியாயமான காரியம் அல்லவா?

கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் நாம் அன்று சிதம்பரத்துக்குப் புறப்பட்டிருந்தோம். ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவுவது எப்படி, பணம் கொடுப்பதா, நேரம் கொடுப்பதா, அல்லது இரண்டுக்கும் மேலாக வேறு ஏதேனும் உண்டா என்று அறிந்து எழுதுவது நமது நோக்கம். அதற்குச் சிதம்பரத்தைவிடத் தகுந்த ஊர் கிடையாது.

தர்மம் வளர்த்த ஊர்

கல்வி தர்மத்துக்குச் சிதம்பரம் பெயர் பெற்ற ஊர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864-ல் இங்கே சைவப் பிரகாச வித்தியாசாலையை ஸ்தாபித்தார். பச்சையப்ப முதலியாரின் தர்மப் பணத்திலிருந்தும் இந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடம் எழுந்தது. 1920-ல் அண்ணாமலைச் செட்டியார் மீனாட்சி கல்லூரியை ஆரம்பித்தார். அது 1929-ல் சர்வகலாசாலையாக மலர்ந்தது. பக்கத்து வடலூரில் 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு, வந்தவனின் ஊரும் பேரும் கேளாமல் இன்றைக்கும் சோறு பொங்கிக்கொண்டிருக்கிறது.

இத்தனை தர்மமும் இருந்த சீமையில், சேரியில் பிறந்த பிள்ளைக்கு ஒரு பலகையும் ஒரு பாடப் புத்தகமும் கிடைப்பது மட்டும் அரிதாக இருந்தது. நந்தனாரின் சரித்திரத்தைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர்களுக்குக் குறைவில்லை. கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனைகளை வீடுதோறும் பாடினார்கள். ஆனால் பாட்டு முடிந்ததும் நந்தனின் பேரப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்டவர்கள் மிகச் சிலர்.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் சுவாமி சகஜானந்தர். ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890-ல் ஓர் ஏழை ஆதி திராவிடக் குடும்பத்தில் பிறந்த முனுசாமி என்னும் பிள்ளைதான் அவர். திண்டிவனத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தார். கோலார் தங்கவயலில் சில காலம் இருந்தார். ஞான தாகம் கொண்டு வியாசர்பாடிக் கரபாத்திர சுவாமிகளை அடைந்தார். சகஜானந்தர் என்னும் பெயர் அந்தக் குரு இட்டது. குருவின் கட்டளைப்படி 1910-ல் சிதம்பரத்துக்கு வந்தார்.

துறவி ஒருவர் சிதம்பரத்துக்கு வந்தால் என்ன செய்வார்? தரிசனம் செய்வார், தியானம் செய்வார். சகஜானந்தரோ, நந்தனார் தீக்குளித்த இடம் என்று ஜனங்கள் போற்றும் ஓமக்குளத்தின் பக்கத்தில் நந்தனார் பெயரால் மடம் ஒன்று அமைத்தார். 1916-ல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, 25 பிள்ளைகளுடன் பள்ளிக்கூடம் நடத்த ஆரம்பித்தார். மடத்துக்குச் சொத்து கிடையாது. பின்னால் நிற்கும் ஜமீன் கிடையாது. ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கித்தான் பிள்ளைகளுக்குச் சோறு போடவேண்டும்.

பள்ளிக்கூடம் என்றால் உபாத்தியாயரும் கரும்பலகையும்தான் என்று நாம் நினைக்கிறோம். கூலி வீட்டுப் பிள்ளைக்கு அவை கடைசியில் வருபவை. முதலில் வயிற்றுக்குச் சோறு வேண்டும். அடுத்து, கண்டவர் விரட்டாத ஓர் இடம் வேண்டும். அதற்கடுத்து, உடுக்கத் துணியும் இரவில் படிக்க வெளிச்சமும் வேண்டும். இவற்றுக்கெல்லாம் பிறகு, 'நீ படிக்கப் பிறந்தவன்' என்று தினந்தோறும் சொல்லும் ஒரு குரல் வேண்டும். சகஜானந்தர் இவற்றை ஒன்றுசேர்த்துக் கொடுக்க முயன்றார். பள்ளிக்கூடமும் விடுதியும் கோயிலும் ஒரே முற்றத்தில் இருக்கவேண்டும் என்று அவர் கண்டது அதனால்தான். 1927-ல் மகாத்மா காந்தி சிதம்பரத்துக்கு விஜயம் செய்தபோது, நந்தனார் பெயரால் எழவிருந்த ஆலயத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். சென்னைச் சட்டசபையிலும் சகஜானந்தர் பல வருஷம் அங்கத்தினராக இருந்து, நிலமும் கல்வியும் இல்லாத ஜனங்களுக்காக வாதாடினார். 1959 மே மாதம் முதல் தேதி அவர் காலமானார்.

இன்று நந்தனார் பெயர் தாங்கிய ஆண்கள் மேல்நிலைப் பள்ளியும் பெண்கள் மேல்நிலைப் பள்ளியும் சர்க்கார் பள்ளிகளாகச் சிதம்பரத்தில் நடக்கின்றன. இருபத்தைந்து பிள்ளைகளுக்குப் பிச்சை எடுத்துச் சோறு போட்ட காரியத்தை ஒரு ராஜ்யமே ஏற்றுக்கொண்டது. தர்மத்தின் மிகச் சிறந்த முடிவு அதுதான்: தயவாகத் தொடங்கியது உரிமையாக முடிந்தது.

ஆப்பிரிக்கக் கிராமத்திலும் இதே கதை

இந்தக் கஷ்டம் நம் ஊருக்கு மட்டும் வாய்த்ததன்று. தென்னாப்பிரிக்காவில் நேட்டால் நாட்டில் ஜான் டூபே என்னும் ஸூலு ஜாதிப் பெரியவர், அமெரிக்காவில் நீக்ரோ மக்களுக்காக 1881-ல் புக்கர் வாஷிங்டன் ஆரம்பித்த டஸ்கீகி பள்ளியைக் கண்டு ஊக்கம் பெற்று, நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓலாங்கே என்னும் இடத்தில் ஒரு பள்ளி நிறுவினார். கடல் கடந்து போய்க் கூட்டம் கூட்டமாகப் பேசிப் பணம் சேர்த்தார். அவருக்குப் பக்கத்து நிலத்தில்தான் 1904-ல் காந்தியடிகள் பீனிக்ஸ் ஆசிரமத்தை அமைத்தார். 1994 ஏப்ரலில் கறுப்பு ஜனங்கள் முதன்முதலாக வோட்டளித்தபோது, நெல்ஸன் மண்டேலா தமது வாழ்நாளின் முதல் வோட்டைப் போடத் தேர்ந்தெடுத்த இடம் அந்த ஓலாங்கே பள்ளிக்கூடம். டூபேயின் சமாதியும் அங்கேயே இருக்கிறது.

பிற்காலத்தில் ஆப்பிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாக ஆரம்பக் கல்விக் கட்டணத்தை நீக்கின. மலாவி 1994-லும், உகாண்டா 1997-லும், டான்ஸானியா 2001-லும், கென்யா 2003-லும் அதைச் செய்தன. பிள்ளைகள் வெள்ளம்போல் பள்ளிக்கு வந்தார்கள். ஆனால் ஆரம்பப் பள்ளி முடிந்த இடத்தில் ஒரு மதில் நின்றது. மேற்படிப்புக்குச் சம்பளம், சீருடை, விடுதிச் செலவு! கிராமத்துக் குடியானவனால் அந்த மதிலைத் தாண்ட முடியவில்லை. அங்கேதான் வெளியூர் உபகாரிகள் வந்தார்கள். ஒரு குடும்பம் ஒரு பிள்ளையின் படிப்பை ஏற்றுக்கொள்ளும் முறை பரவியது. 1993-ல் ஸிம்பாப்வே நாட்டில் 32 பெண்களின் படிப்புச் செலவை ஏற்றுத் தொடங்கிய காம்ஃபெட் என்னும் சங்கம் பிறகு பல நாடுகளில் வேரூன்றியது. அந்தச் சங்கத்தில் நமக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. உதவி பெற்றுப் படித்து முடித்த பெண்களே தங்களுக்குள் ஒரு கூட்டம் சேர்ந்து, தங்கள் கிராமத்தில் அடுத்த பெண்களைத் தாங்கிப் படிக்க வைக்கிறார்கள்.

இந்த முறையால் உண்மையில் பயன் உண்டா என்று சந்தேகிப்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. ஒரு சர்வதேச ஸ்தாபனத்தின் உதவியில் வளர்ந்த பிள்ளைகளை, அவர்கள் பெரியவர்களான பின் தேடிப்போய்ப் பொருளாதார நிபுணர்கள் ஆராய்ந்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். இந்தியா, கென்யா, உகாண்டா உட்பட ஆறு நாடுகளில், சுமார் பத்தாயிரம் பேரைப் பற்றிய ஆராய்ச்சி அது. உதவி பெற்றவர்கள் மற்றவர்களைவிட ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் வரை அதிகமாகப் படித்திருந்தார்கள். ஒரு வருஷம்தானா என்று அலட்சியம் செய்யவேண்டாம். அந்த ஒரு வருஷம் பத்தாவதுக்கும் பதினொன்றாவதுக்கும் நடுவே விழுந்தால், சேத்தியாத்தோப்பில் பெட்டியுடன் நின்ற பையனுக்கு அதுதான் முழு வாழ்க்கை.

நாம் செய்த பிழை

இவ்வளவும் சொன்ன பிறகு நம்முடைய பிழை ஒன்றையும் சொல்லிவிடவேண்டும். சொல்லாவிட்டால் நேயர்கள் நம்மை அளவுக்கு மீறிய உத்தமர் என்று எண்ணிவிடுவார்கள்.

சில வருஷங்களுக்கு முன்பு, ஒரு கிராமத்துப் பையனின் படிப்புச் செலவை நாம் ஏற்றுக்கொண்டோம். மாதம் தவறாமல் பணம் அனுப்பினோம். பதிலுக்கு, மூன்று மாதத்துக்கு ஒரு கடிதமும் மார்க்குப் பட்டியலும் வரவேண்டும் என்று சொல்லியிருந்தோம். கடிதங்கள் வந்தன. 'தங்கள் பாதங்களுக்கு நமஸ்காரம். தங்கள் உதவியை உயிருள்ளவரை மறவேன்' என்று ஒவ்வொன்றிலும் அதே வாசகம். அதைப் படித்து உள்ளூர மகிழ்ந்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். வீட்டுக்கு வந்த நண்பர்களிடம் காட்டவும் காட்டினோம்.

மூன்றாம் வருஷத்தில் கடிதம் நின்றது. நமக்குக் கோபம் வந்தது. 'நன்றி மறந்தது உலகம்' என்று எண்ணிக்கொண்டு, நாமும் எழுதாமல் இருந்தோம். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போன ஒரு சிநேகிதர் மூலம் விசாரித்தபோது உண்மை தெரிந்தது. பையன் கணக்குப் பரீட்சையில் தவறிவிட்டான். மார்க்குப் பட்டியலை எப்படி அனுப்புவது என்று வெட்கம். கடிதம் எழுதாவிட்டால் பணம் வாங்குவது நியாயமா என்று பயம். இரண்டுக்கும் நடுவில் திண்டாடி, ஒருநாள் திருப்பூருக்கு ரயில் ஏறிவிட்டான்.

நாம் அவனுக்கு எழுதிய கடிதங்களின் நகல்களை எடுத்துப் பார்த்தோம். 'நன்றாகப் படி', 'ஒழுக்கமாக இரு', 'நேரத்தை வீணாக்காதே' என்றெல்லாம் எழுதியிருந்தோம். 'உனக்கு என்ன கஷ்டம்?' என்ற ஒரு வரி எந்தக் கடிதத்திலும் இல்லை. தவறினால் மறுபடி எழுதலாம் என்று அவனுக்குச் சொல்ல அந்த ஊரில் ஒருவரும் இல்லை. நாம் பணத்தை அனுப்பிவிட்டு மனிதனை அனுப்பாமல் இருந்துவிட்டோம்.

திண்ணையில் அமர்ந்தவர்கள்

மனிதனை அனுப்புவது என்றால் யாரை அனுப்புவது? அயல் தேசங்களிலிருந்து இரண்டு வார விடுமுறையில் ஆப்பிரிக்கக் கிராமத்துக்கு வந்து, சுவருக்கு வர்ணம் பூசிவிட்டு, குழந்தைகளை அணைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகும் தொண்டர்களைப் பற்றி இப்போது உலகெங்கும் முணுமுணுப்பு எழுந்திருக்கிறது. வந்தவர் போன பின் குழந்தை மறுபடியும் அனாதையாகிறது. இத்தகைய விருந்தாளிகளுக்குக் காட்டுவதற்காகவே தாய் தந்தை உள்ள பிள்ளைகளை அனாதை விடுதிகளில் கொண்டுபோய் வைக்கும் கொடுமையும் சில நாடுகளில் நடந்தது. ஆஸ்திரேலியா தேசம் 2018-ல் நவீன அடிமைத்தனத்தைப் பற்றிச் சட்டம் செய்தபோது இந்த விஷயத்தையும் கருதவேண்டியதாயிற்று.

நம் நாட்டில் இதற்கு நேர்மாறான ஒரு பரீட்சை நடந்தது. கொரோனா நோயினால் பள்ளிகள் மூடிக் கிடந்து பிள்ளைகள் எழுத்தை மறந்திருந்த சமயம், 2021 அக்டோபர் 27-ந் தேதி மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கிவைக்கப்பட்டது. அதில் தொண்டர்கள் வெளியூரிலிருந்து வரவில்லை. அந்தந்தத் தெருவில் படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்களே பெரும்பாலும் தொண்டர்கள். மாதம் 1000 ரூபாய் ஊக்கத் தொகை. மாலையில் ஒன்று ஒன்றரை மணி நேரம். கோயில் மண்டபமோ வீட்டுத் திண்ணையோ பள்ளிக்கூடம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்து எழுதிய ஆராய்ச்சி ஒன்று, இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளிகள் திறந்து ஆறு மாதத்துக்குள் திரும்பிவிட்டது என்றும், அப்படித் திரும்பியதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இந்தத் திண்ணை வகுப்புகளால் என்றும் கண்டது. அடுத்த வீட்டு அக்காள் சொல்லிக்கொடுத்த பாடத்துக்கு இவ்வளவு பலம் இருக்கிறது.

2006-ல் நடிகர் சூர்யா நிறுவிய அகரம் ஸ்தாபனமும் இந்த ரகசியத்தை அறிந்திருக்கிறது. உதவி கேட்டு எழுதும் மாணவனின் கடிதத்தை மட்டும் பார்த்து அவர்கள் தீர்மானிப்பதில்லை. தொண்டர்கள் அவன் வீட்டுக்கே போகிறார்கள், கூரையைப் பார்க்கிறார்கள், தாயாரோடு பேசுகிறார்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகும் வழிகாட்ட ஒருவர் கூடவே இருக்கிறார். 2010-ல் தொடங்கிய அவர்களுடைய 'விதை' திட்டத்தில் முன்பு படித்தவர்களே பின்பு தொண்டர்களாகத் திரும்பி வருகிறார்கள்.

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களின் மேற்படிப்புக்கு 1944-லேயே இந்திய சர்க்கார் உதவிச் சம்பளம் தொடங்கியது. தமிழ்நாட்டில் கல்லூரிக்குப் போகும் சர்க்கார் பள்ளிப் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022-லும், பையன்களுக்கு 'தமிழ்ப் புதல்வன்' 2024-லும் வந்தன. ஆனால் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், பாங்கிக் கணக்கு என்று இத்தனை படிகளையும் ஏறி அந்தப் பணத்தைத் தொடுவதற்கு எழுத்தறியாத தகப்பனுக்கு யார் துணை? அங்கேயும் ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது.

எந்தப் பஸ் முதலில் வந்தது?

குறுக்கு ரோட்டில் நின்ற தகப்பனையும் மகனையும் நடுவில் விட்டுவிட்டு உலகத்தைச் சுற்றிவிட்டோம். நேயர்கள் மன்னிக்கவேண்டும்.

முதலில் வந்தது சென்னைப் பஸ். கண்டக்டர் இறங்கி, "பண்ணுருட்டி, விக்கிரவாண்டி, மெட்ராஸ்!" என்று கூவினார். பையன் குனிந்து பெட்டியின் பிடியில் கை வைத்தான். அதற்குள் சாலையின் மறுபுறத்திலிருந்து ஒரு பெண் ஓட்டமும் நடையுமாக வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கலாம். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் காகிதங்கள்.

"அண்ணே, ஏத்தாதீங்க! கொஞ்சம் நில்லுங்க!" என்று மூச்சு வாங்கச் சொன்னாள்.

அவள் அவர்கள் தெருவைச் சேர்ந்தவள். பட்டப் படிப்புப் படித்தவள். இல்லம் தேடிக் கல்வியில் தொண்டராக இருந்தபோது இந்தப் பையன் அவளிடம் படித்தானாம். அந்த வகுப்பு நின்ற பிறகும் அவள் நிறுத்தவில்லை. மகளிர் சுய உதவிக் குழுவில் முதல் நாள் இரவே பேசி, மேஸ்திரியின் ஐயாயிரத்துக்குக் கடன் ஏற்பாடு செய்துவிட்டாள். மாதம் ஐந்நூறு கட்டினால் போதும். விடுதிக்கான விண்ணப்பமும் சான்றிதழ்களும் அந்த உறைக்குள் இருந்தன.

நமது கை நம்மை அறியாமல் சட்டைப் பைக்குள் போயிற்று. "அந்த ஐயாயிரத்தை நாம் கொடுத்துவிடுகிறோமே, அம்மா" என்றோம்.

அவள் நம்மை மரியாதையாகத்தான் பார்த்தாள். "ரொம்ப நல்லதுங்க சார். நீங்க குடுத்தா இன்னிக்குத் தீந்துடும். அடுத்த மாசம் வேற ஒரு செலவு வரும். அப்ப அண்ணன் பஸ் ஸ்டாண்டுல யாரைத் தேடுவாரு? குழுவுல வாங்குனா, நாளைக்கும் அங்கேயே போயி நிக்கலாம். குடுக்கணும்னு நெனச்சீங்கன்னா, விடுதிப் பசங்களுக்கு ரெண்டு வருஷம் தொடர்ந்து செய்யற மாதிரி ஏதாச்சும் பாருங்க. ஒரு மாசம் குடுத்துட்டு நிறுத்துறதுக்குக் குடுக்காமலே இருக்கலாம்."

இந்த விஷயத்தில் நாம் கேட்ட பிரசங்கங்களில் இதுவே மிகச் சிறியது. மிகப் பெரியதும் இதுவே.

தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. சென்னைப் பஸ் கிளம்பிப் போகிற வரையில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி கழித்துச் சிதம்பரம் பஸ் வந்தது. அவரே பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். நாமும் ஏறினோம். புவனகிரி வரும் வரையில் பையன் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வெள்ளாற்றுப் பக்கத்து வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தான். எதிர்காலத்தில் என்னவாக விருப்பம் என்று அவனைக் கேட்க வாயெடுத்தோம். நம்முடைய பழைய கடிதங்கள் நினைவுக்கு வந்தன. "சாப்பிட்டாயா தம்பி?" என்று மட்டும் கேட்டோம். இல்லை என்று தலையை அசைத்தான். சிதம்பரத்தில் இறங்கியதும் அவனையும் தகப்பனாரையும் அழைத்துக்கொண்டு போய் இட்டிலி சாப்பிட்டோம்.

அன்று அந்தப் பெண்ணிடம் நாம் விடைபெற்றபோது, "உங்கள் கவலை தீர்ந்தது" என்று சொன்னோம். அவள் தலையை ஆட்டினாள். "இன்னிக்கு ஏறிட்டான் சார். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்துட்டு, திரும்பி விடுதிக்குப் போறானா, அதான் பரீட்சை" என்றாள்.

நேயர்களிடம் நமது விண்ணப்பம் பெரிதன்று. உங்கள் ஊரிலும் ஒரு மாணவர் விடுதி இருக்கும். ஒருமுறை போய், கண்காணிப்பாளரைக் கண்டு, என்ன குறை என்று கேளுங்கள். அகராதியாக இருக்கலாம், போர்வையாக இருக்கலாம், கணக்குச் சொல்லிக்கொடுக்க வாரம் இரண்டு மாலையாக இருக்கலாம். ஒப்புக்கொண்டதை இரண்டு வருஷம் விடாமல் செய்யுங்கள். பையனிடம் நன்றிக் கடிதம் கேட்காதீர்கள். படம் எடுக்காதீர்கள். பரீட்சையில் அவன் தவறிய மாதத்தில் மட்டும், தவறாமல் போய்ப் பாருங்கள்.

தீபாவளிக்கு மறுநாள் நாம் மறுபடியும் சேத்தியாத்தோப்புக்குப் போவதாக இருக்கிறோம். குறுக்கு ரோட்டில் கிழக்கே பார்த்து நிற்போம்.